சக்கரம் மாட்டும் வரை சத்தம் போடாதீர்கள்!

2024-ம் ஆண்டு அக்டோபர் 11-ந் தேதி. வெள்ளிக்கிழமை. ஆயுத பூஜை.

அன்று திருப்பூரில் மிஷின் சத்தம் இல்லை. பனியன் கம்பெனிகளில் பவர் டேபிளுக்கும் ஓவர்லாக் மிஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தார்கள். பொரி, கடலை, சுண்டல் கொடுத்தார்கள். வேன், லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் கழுவித் துடைத்து மாலை போட்டார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள்.

மாலையில் டி.வி.யைப் போட்டவர்கள் திடுக்கிட்டார்கள்.

திருச்சியில் இருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் வானத்தில் வட்டம் போட்டுக்கொண்டு இருந்தது. உள்ளே 140-க்கும் மேற்பட்டவர்கள். ஹைட்ராலிக் கோளாறு! சக்கரத்தை இயக்குவதும் பிரேக்குக்குப் பலம் தருவதும் அந்த ஹைட்ராலிக்தான். கீழே விமான நிலையத்தில் தீயணைப்பு வண்டிகளும் ஆம்புலன்சுகளும் வரிசையாக நின்றன. வீட்டுக்கு வீடு வேண்டுதல்!

இரண்டு மணி நேரத்துக்கு மேல் சுற்றிவிட்டு, இரவு 8.15 மணி அளவில் அந்த விமானம் பத்திரமாக இறங்கியது. ஒருவருக்கும் கீறல் கூட இல்லை. நாடே கை தட்டியது.

அந்தக் கை தட்டலைப் பற்றித்தான் இன்று ஒரு வார்த்தை.

வானத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்து இறங்கினால் கை தட்டுகிறோம். அதே விமானம் தரையில் நிற்கும்போது, "சக்கரத்தில் கோளாறு, இரண்டு மணி நேரம் பொறுங்கள்" என்று சொன்னால் என்ன செய்கிறோம்?

சண்டைக்குப் போகிறோம்!

நானும் கத்தியவன்தான்!

ஊருக்கு உபதேசம் செய்ய வரவில்லை. நானும் கத்தியவன்தான். சில வருடங்களுக்கு முன்பு நடந்தது இது.

ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருக்கும் நண்பர் ஒருவர். அவருடன் ஒரு பெரிய ஊருக்குப் போய்விட்டுத் திரும்புகிறேன். மாலை விமானத்தைப் பிடித்தால் இரவு கோவை. விடிவதற்குள் திருப்பூர். காலையில் அவருக்கு ஷிப்மெண்ட். கண்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். கடைசி நேரச் செக்கிங் பாக்கி.

விமானம் கிளம்பவில்லை. அரை மணி. ஒரு மணி. "டெக்னிக்கல் ரீசன்" என்று மட்டும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். வேறு விவரம் இல்லை.

நண்பர் கவுண்டருக்குப் போனார். அங்கே ஒரு சின்னப் பெண். அவளுக்குத் தமிழ் தெரிந்திருந்தது. அதுவே அவளுக்கு வினையாகிப் போனது.

"என்ன கண்ணு, பிளேன் எப்பக் கெளம்பும்?"

"சக்கரம் மாத்தறாங்க சார்."

"ஏங்கண்ணு, எங்கூருல பெருமாநல்லூர் நால்ரோட்டுல லாரி டயரைக் கால் மணி நேரத்துல மாத்தி உடறானுங்க. உங்களுக்கு ராத்திரி பூரா வேணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. "மேனேஜரைக் கூப்பிடு. கிளப்பினா கிளப்பு, இல்லேன்னா பணத்தைக் கொடு" என்று நானும் குரல் கொடுத்தேன். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போது சட்டையில் கிரீஸ் கறையோடு ஒருவர் வந்தார். விமானத்தைப் பரிசோதிக்கும் இன்ஜினீயர். அவர் கோபப்படவில்லை. சுருக்கமாகச் சொன்னார்:

"டயர்ல வெட்டு விழுந்திருக்கு. உள்ளே நூல் தெரியுது. இதோட நான் கிளப்பச் சொல்ல மாட்டேன்."

அவ்வளவுதான். கூட்டம் கப்சிப்!

நூல் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரனுக்குச் சொல்லித் தர வேண்டுமா? விமான டயரின் ரப்பருக்கு உள்ளே பலம் கொடுப்பது நைலான் நூல் அடுக்குகள். மேல் ரப்பர் தேய்ந்தால் சமாளிக்கலாம். நூலே வெளியே தெரிந்தால் அந்த டயருக்கு விடை கொடுக்க வேண்டியதுதான்.

மூன்று மணி நேரம் தாமதம். கோவையில் இறங்கும்போது நள்ளிரவு. சக்கரம் தரையில் பட்டு, பிரேக் பிடித்து, விமானம் நின்றது. நண்பர் நல்ல தூக்கத்தில் இருந்தார். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

64 மடங்கு வேலை!

லாரி டயரையும் விமான டயரையும் ஒன்றாகப் பேசலாமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

16 டன் எடையுள்ள லோடு லாரி, 60 கிலோ மீட்டர் வேகத்தில் அவிநாசி ரோட்டில் வருகிறது என்று வையுங்கள். கோவையில் வந்து இறங்கும் போயிங் 737 வகை விமானம் சுமார் 64 டன் எடையோடு இறங்கும். தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 240 கிலோ மீட்டர் அளவில் இருக்கும்.

எடை நாலு மடங்கு. வேகமும் நாலு மடங்கு. ஆனால் இதில் ஒரு சங்கதி உண்டு. வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்துவதற்கான வேலை நாலு மடங்காகும். வேகம் நாலு மடங்கானால் வேலை 16 மடங்கு. எடையையும் சேர்த்தால் 64 மடங்கு!

லாரியை நிறுத்துவதைப் போல 64 மடங்கு வேலை. அதுவும் அரை நிமிடத்தில், மழையிலும், இரவிலும்!

இந்த வேலையை பிரேக் மட்டும் செய்வதில்லை. இறக்கையின் மேல் தகடுகள் எழுந்து நிற்கும். அவை காற்றைத் தடுக்கும்; விமானத்தின் பாரத்தைச் சக்கரத்தின் மேல் அழுத்தும். இன்ஜின் தன் காற்றை முன்பக்கமாகத் திருப்பித் தள்ளும். இறங்கியதும் "ஓ"வென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதுதான் இது. ஆனாலும் கடைசியில் விமானத்தைப் பிடித்து நிறுத்துவது சக்கரத்தில் உள்ள பிரேக்தான்.

737-க்குச் சக்கரம் 6. பெரிய 777-க்கு 14. ஜம்போ ஜெட் என்று சொல்லும் 747-க்கு 18. இரட்டை மாடி ஏ-380 விமானத்துக்கு 22. கார் டயருக்கு 30 பவுண்டு காற்று அடிக்கிறோம். 737-ன் டயரில் சுமார் 200 பவுண்டு! அதுவும் சாதாரணக் காற்று அல்ல, நைட்ரஜன் வாயு. அதில் ஈரம் இல்லை. தீயை வளர்க்கும் பிராண வாயுவும் இல்லை.

பிரேக் பிடித்துப் பிடித்து சக்கரம் கொதித்துவிட்டால்? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். நம் வீட்டு குக்கரில் ஒரு சேப்டி வால்வு இருக்கிறது. சூடு எல்லை மீறினால் அது உருகி வழிவிடும், குக்கர் வெடிக்காது. விமானச் சக்கரத்திலும் அதே போல உருகும் அடைப்பான் உண்டு. டயர் வெடிப்பதற்குப் பதிலாக, "புஸ்" என்று இறங்கிவிடும்.

மோட்டார் சைக்கிளில் "ஏ.பி.எஸ்." பிரேக் என்கிறார்களே, அதுவும் முதலில் பரவலானது விமானத்தில்தான். 1950-களிலேயே வந்துவிட்டது. சக்கரம் சறுக்காமல் பார்த்துக்கொள்ளும் அந்த ஏற்பாடு பிறகுதான் சாலைக்கு வந்தது.

டயரைப் புதுப்பித்து ஓட்டுவதும் அங்கே உண்டு. ஆச்சரியப்படாதீர்கள்! நம் ஊரில் லாரி டயரை ரீட்ரெடிங் செய்வது போல, விமான டயருக்கும் மேல் ரப்பர் மாற்றி மீண்டும் மாட்டுகிறார்கள். ஒரு தடவை அல்ல, பல தடவை. வித்தியாசம் ஒன்றே ஒன்று. அங்கே ஒவ்வொரு டயருக்கும் கணக்கு உண்டு. எப்போது மாட்டியது, எத்தனை தடவை புதுப்பித்தது என்று ஏட்டில் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு மாட்டுவதில்லை.

திருச்சி விமானம் ஏன் சுற்றியது?

அதற்கும் விடை எடையில்தான் இருக்கிறது. சார்ஜாவுக்குப் போக வேண்டிய எரிபொருள் முழுவதும் உள்ளே இருந்தது. அந்தப் பாரத்தோடு இறங்கினால் சக்கரமும் பிரேக்கும் தாங்க வேண்டிய சுமை அதிகம். 737 விமானத்தில் எரிபொருளை வானத்தில் கொட்டிவிடும் வசதி கிடையாது. எரித்துத்தான் தீர்க்க வேண்டும். ஆகவேதான் சுற்றினார்கள்.

ஹைட்ராலிக் என்பது எண்ணெய் அழுத்தம். ஜே.சி.பி. வண்டியின் கையைத் தூக்குகிறதே, அதே வித்தைதான். விமானத்தில் இப்படி ஒன்றுக்கு மேல் ஏற்பாடு வைத்திருப்பார்கள். ஒன்று போனால் இன்னொன்று. ஆனால் மாற்று ஏற்பாடு இருக்கிறதே என்று அலட்சியமாக இறங்கக் கூடாது. விமானிகள் அவசரப்படவில்லை. எடை குறையட்டும் என்று காத்திருந்தார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள்.

அவசரப்பட்டிருந்தால்? அதற்கும் சரித்திரம் உண்டு. இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

காற்று அடிக்க நேரமில்லை!

1991-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. சவுதி அரேபியாவில் ஜெட்டா விமான நிலையம்.

ஹஜ் யாத்திரையை முடித்துவிட்டு 247 பேர் ஊர் திரும்ப ஏறினார்கள். எல்லோரும் நைஜீரியா நாட்டுக்காரர்கள். விமானம் கனடா நாட்டுக் கம்பெனியுடையது. பெயர் நேஷன்ஏர். ஊழியர்கள் 14 பேர்.

அந்த விமானத்தில் இரண்டு டயர்களில் காற்று குறைவு. இது யாருக்கும் தெரியாத ரகசியம் அல்ல. சில நாட்களுக்கு முன்பே மெக்கானிக்குகள் பார்த்துவிட்டார்கள். நைட்ரஜன் அடிக்க வேண்டும் என்றும் தெரியும். ஆனால் அது கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. தேடிப் போனால் தாமதம். மேலே இருந்தவர்கள் தாமதத்துக்குச் சம்மதிக்கவில்லை. "போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள்.

விமானம் ஓடுபாதையில் ஓடும்போது காற்று குறைந்த டயர் பாரம் தாங்காமல் சூடேறியது. பக்கத்து டயரும் சேர்ந்து கெட்டது. தீப்பிடித்தது. விமானம் மேலே எழும்பியதும் வழக்கம் போலச் சக்கரத்தை உள்ளே மடக்கினார்கள். எரிகிற சக்கரத்தைத் தங்கள் வயிற்றுக்குள்ளேயே இழுத்துக்கொண்டார்கள், பாவம்!

திரும்பி வந்து இறங்க முயன்றார்கள். ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து நொறுங்கியது. 261 பேரும் பலியானார்கள். ஒருவர் கூடப் பிழைக்கவில்லை.

காற்று அடிக்க ஆகும் நேரம் எவ்வளவு? அதை மிச்சம் பிடிக்கப் போய் 261 உயிர்! இரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனியும் மூடப்பட்டது.

"டயர்தானே" என்று நினைப்பவர்கள் இன்னொன்றையும் கேளுங்கள். 1986-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி மெக்சிகோ நாட்டில் ஒரு போயிங் 727 விமானம். அதன் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு கொதித்தது. அந்த டயரில் நைட்ரஜனுக்குப் பதிலாகச் சாதாரணக் காற்று. பறந்துகொண்டு இருக்கும்போதே வெடித்தது. 167 பேர் மாண்டார்கள்.

கோழிக்கோடு இரவு!

இரண்டாவது சம்பவம் நமக்குப் பக்கத்தில். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் வரும் ஊர்.

2020-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி. கொரோனா காலம். துபாயில் தவித்தவர்களை ஏற்றிக்கொண்டு ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டுக்கு வந்தது. மொத்தம் 190 பேர். கொட்டும் மழை. ஒரு தடவை இறங்க முயன்று மேலே எழும்பினார்கள். இரண்டாவது தடவை எதிர்ப்பக்கத்தில் இருந்து வந்தார்கள். அப்போது காற்று பின்னால் இருந்து தள்ளியது.

ஓடுபாதையின் நீளம் 8,858 அடி. விமானம் தரையைத் தொட்ட இடம் 4,438 அடி தாண்டி. அதாவது பாதி ஓடுபாதை போன பிறகுதான் சக்கரம் தரையில் பட்டது! மீதிப் பாதியும் மழை நீரில் நனைந்து கிடந்தது. விமானம் நிற்கவில்லை. முனையைத் தாண்டி, பள்ளத்தில் விழுந்து உடைந்தது. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் பலியானார்கள்.

இதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு, 2010 மே 22-ந் தேதி, மங்களூரிலும் ஒரு விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 158 பேர் பலி. தப்பியவர்கள் 8 பேர் மட்டுமே.

கோழிக்கோடு விபத்தை விசாரித்த அரசாங்க நிபுணர்கள் 2021-ல் அறிக்கை கொடுத்தார்கள். விதிமுறைப்படி இறங்காததுதான் முக்கியக் காரணம் என்று சொன்ன அந்த அறிக்கை, இன்னொன்றையும் சுட்டிக்காட்டியது. மறுநாள் காலை கோழிக்கோட்டில் இருந்து கிளம்ப வேண்டிய விமானத்தையும் அதே கேப்டன்தான் ஓட்ட வேண்டி இருந்தது. வேறு ஊரில் போய் இறங்கினால் அந்த விமானம் கெட்டுப் போகும். அந்த நெருக்கடியும் மனதில் வேலை செய்திருக்கிறது என்பது நிபுணர்கள் கருத்து.

இறந்தவரைக் குற்றம் சொல்ல நான் எழுதவில்லை. அனுபவசாலி. கடமை தவறாதவர். கடமையே நெருக்கடியாகிவிட்டது என்பதுதான் பரிதாபம்.

ஜெட்டாவில் தாமதமாகக் கூடாது என்று காற்று அடிக்கவில்லை. கோழிக்கோட்டில் மறுநாள் விமானம் நிற்கக் கூடாது என்ற கவலை. இரண்டிலும் ஒரே பேய்தான் ஆட்டிவைத்தது. அதன் பெயர் அவசரம்!

அந்தப் பேய்க்குச் சோறு போடுவது யார்? கவுண்டரில் நின்று மேஜையைத் தட்டும் நாமும்தான்!

உடைந்த ஊசிக்கு ஒரு ஏடு!

"ஷிப்மெண்ட் நெருக்கடி உனக்கு என்ன தெரியும்?" என்று கேட்பீர்கள். தெரியும் அய்யா. தேதி தவறினால் பையர் டிஸ்கவுண்ட் கேட்பான். இல்லை, "ஏர்ல அனுப்பு" என்பான். கப்பலில் போக வேண்டிய பெட்டி விமானத்தில் போகும். அந்தச் செலவு முதலாளி தலையில். ஆறு மாத லாபம் ஒரே பில்லில் காலி! இது திருப்பூரில் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

ஆனால் இதே திருப்பூருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு.

தைத்துக்கொண்டு இருக்கும்போது ஊசி உடைந்தால் என்ன செய்கிறோம்? ஏற்றுமதிக் கம்பெனிகளில் அந்த மிஷின் உடனே நிற்கும். டெய்லர் எழுந்து நிற்பார். சூப்பர்வைசர் வருவார். உடைந்த துண்டு எல்லாம் கிடைக்கும் வரை தேடுவார்கள். கிடைத்த துண்டுகளை ஏட்டில் ஒட்டி, தேதி, நேரம், மிஷின் நம்பர் எழுதி, கையெழுத்து வாங்குவார்கள். அப்புறம்தான் புது ஊசி. ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால், அங்கே இருக்கும் பீஸ் எல்லாம் தனியே போகும். மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்ப்பார்கள்.

எதற்கு? எங்கோ ஐரோப்பாவில் முகம் தெரியாத ஒரு குழந்தை அந்தச் சட்டையைப் போடும். அதன் உடம்பில் குத்திவிடக் கூடாது.

எவ்வளவு பெரிய ஷிப்மெண்ட் நெருக்கடி இருந்தாலும், "ஊசித் துண்டு கிடக்கட்டும், பீஸை ஓட்டு" என்று நல்ல முதலாளி எவரும் சொல்வதில்லை. சொன்னால் கட்டிங் மாஸ்டர் முதல் செக்கிங் அக்கா வரை காறித் துப்புவார்கள்.

விமானத்தில் நூல் தெரியும் டயரும் உடைந்த ஊசிதான். விமானத்தை நிறுத்திய இன்ஜினீயரும் நம் சூப்பர்வைசர் செய்ததைத்தான் செய்கிறார். இங்கே சரி என்று படுவது அங்கே மட்டும் தப்பாகப் படுவது ஏன்? அங்கே போய் நாம் பையராக மாறிவிடுகிறோம்! "எனக்குத் தேதிதான் முக்கியம்" என்று நமக்குப் பிடிக்காத அதே வசனத்தை நாமே பேசுகிறோம்!

ஒரு இரும்புத் துண்டால் என்ன ஆகும் என்பதற்கும் அத்தாட்சி உண்டு. 2000-ம் ஆண்டு ஜூலை 25-ந் தேதி பாரிஸ் நகரில் கன்கார்டு விமானம். முன்னால் போன வேறு விமானத்தில் இருந்து ஒரு உலோகப் பட்டை ஓடுபாதையில் விழுந்து கிடந்தது. அரை மீட்டர் நீளம் கூட இல்லை. அது கன்கார்டின் டயரைக் கிழித்தது. டயர்த் துண்டு பறந்து இறக்கையில் அடித்து, எரிபொருள் ஒழுகித் தீப்பிடித்தது. 113 பேர் பலி. ஓடுபாதையில் கிடந்த ஊசி அது!

விமானக் கம்பெனிக்கு வக்காலத்தா?

"அப்படியானால் அவர்கள் எத்தனை மணி நேரம் உட்கார வைத்தாலும் கும்பிட்டுக்கொண்டு இருக்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி.

இல்லை. கும்பிட வேண்டாம். எல்லாத் தாமதமும் சக்கரத்தால் வருவதல்ல. ஆள் வரவில்லை, முந்தைய விமானம் வரவில்லை, நிர்வாகம் சரியில்லை என்று நூறு காரணம் உண்டு. அதற்குக் கேள்வி கேளுங்கள். குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் தாமதமானால் பயணிக்குச் சாப்பாடு, சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். வயதானவர்களுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் உட்கார இடம் கேளுங்கள். இதற்காகச் சத்தம் போட்டால் நானும் கூட வந்து நிற்கிறேன்.

ஆனால் காரணம் என்ன என்று முதலில் கேளுங்கள். "சக்கரம்", "பிரேக்", "டயர்" என்ற வார்த்தை வந்தால், அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள். "எப்படியாவது கிளப்பு" என்ற வார்த்தை மட்டும் நம் வாயில் வரவே கூடாது.

விமானக் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. "டெக்னிக்கல் ரீசன்" என்று மூடி மறைப்பதை விடுங்கள். "டயரில் வெட்டு விழுந்திருக்கிறது. மாற்றுகிறோம். மூன்று மணி நேரம் ஆகும்" என்று நேராகச் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்கிறீர்கள். அன்று அந்த இன்ஜினீயர் மூன்றே வரியில் உண்மையைச் சொன்னார். ஒருவரும் பயப்படவில்லை. அடங்கி உட்கார்ந்தோம். முதலிலேயே சொல்லி இருந்தால் அந்தப் பெண் அழுதிருக்க மாட்டாள்.

மாதச் சம்பளத்துக்கு நிற்கும் சின்னப் பெண்ணைக் கவுண்டரில் நிறுத்திவிட்டு, மேலே இருப்பவர்கள் அறைக்குள் ஒளிந்துகொள்வது ஆண்மை அல்ல.

மொட்டை டயர் வேன்!

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

விமானம் ஏறாதவர்கள், "இது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். உங்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

விமானத்தில் இருந்து இறங்கி வந்த மறுநாள் காலை, அந்த நண்பரின் யூனிட்டுக்குப் போனேன். ஷிப்மெண்ட் ஒருவழியாகக் கிளம்பிவிட்டது. வாசலில் ஆள் ஏற்றும் வேன் நின்றது. பல்லடம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து பெண் பிள்ளைகளைக் காலையில் கூட்டி வந்து, இரவு நைட் முடிந்ததும் கொண்டு போய் விடும் வேன்.

அதன் பின்சக்கரத்தைப் பார்த்தேன். டயர் மொட்டை! கையால் தடவினால் வழவழவென்று இருந்தது. ஓரத்தில் நூல் தெரிந்தது.

நூல்!

நண்பரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு டிரைவரிடம் கேட்டார். "ஏப்பா, இதை ஏன் எங்கிட்டச் சொல்லல?"

டிரைவர் தலையைச் சொறிந்தார். "போன மாசமே சொன்னனுங்கண்ணா. ஷிப்மெண்ட் முடியட்டும்னு நீங்கதான் சொன்னீங்க."

ஜெட்டா எங்கே, பல்லடம் ரோடு எங்கே! ஆனால் பேச்சு ஒன்றுதான். தெரியும். சொன்னார்கள். தாமதமாகும் என்று தள்ளிப் போட்டார்கள்.

அன்று சாயங்காலத்துக்குள் நாலு டயரும் மாறின. அன்று இரவு மட்டும் வேன் ஒரு மணி நேரம் தாமதம். அந்தப் பெண்களில் ஒருவரும் முதலாளியிடம் சண்டைக்கு வரவில்லை. கேட்டின் ஓரமாக உட்கார்ந்து பேசிக்கொண்டு இருந்தார்கள். அவர்களுக்கு இருந்த பொறுமை, டிக்கெட் வாங்கி விமானம் ஏறிய எங்களுக்கு இல்லாமல் போயிற்று.

இன்று சாயங்காலமே பாருங்கள்!

முதலாளிகளே! உங்கள் வேனின் டயரை இன்றைக்கே குனிந்து பாருங்கள். விமானத்துக்கு இருப்பது போல அதற்கும் ஒரு நோட்டுப் போடுங்கள். எப்போது மாட்டியது, எப்போது மாற்ற வேண்டும் என்று எழுதி வையுங்கள். ஊசிக்கு ஏடு வைக்கத் தெரிந்த ஊருக்கு டயருக்கு ஏடு வைப்பது பெரிய காரியமா?

டிரைவர் அண்ணன்மார்களே! பிரேக் பிடிக்கவில்லை என்றால் வண்டியை எடுக்காதீர்கள். திட்டு வாங்கினாலும் வாங்குங்கள். அந்த இன்ஜினீயர் சொன்ன வார்த்தையை நீங்களும் சொல்லுங்கள்: "இதோட நான் கிளப்ப மாட்டேன்."

பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களே! டிப்போவில் டயர் மாற்றுகிறார்கள் என்றால் பத்து நிமிடம் பொறுங்கள்.

விமானம் ஏறும் வியாபாரிகளே! நம் ஊர்ச் சரக்கும் பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகிறது. மேலே நீங்கள், கீழே உங்கள் பனியன் பெட்டி. இரண்டும் பத்திரமாகத் தரை இறங்க வேண்டுமானால் சக்கரம் உருள வேண்டும், பிரேக் பிடிக்க வேண்டும். வானத்தில் பறப்பதைப் பற்றித்தான் எல்லோருக்கும் பயம். ஆனால் பயணம் முடிவது விமானம் தரையில் நின்ற பிறகுதான்.

வருடத்துக்கு ஒரு நாள் டயருக்கு எலுமிச்சம்பழம் வைக்கிறோம். நல்ல பழக்கம். வைப்போம். பழம் வைக்கக் குனியும்போது டயரையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

கவுண்டரில் நின்ற அந்தப் பெண் இன்று எங்கே இருக்கிறாளோ தெரியாது. எங்கே இருந்தாலும் சரி. அம்மா, அன்று கத்தியது தப்பு. உன் கூட நின்றவர்கள் செய்த காரியத்தால்தான் நாங்கள் வீடு வந்து சேர்ந்தோம்.